மூன்றாவது விசிட்டோடு நின்றுபோனவர்கள்

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. சில வருஷங்களுக்கு முன்னால், நகரத்தில் ஒரு மருத்துவமனையில், புது மாத்திரை ஒன்றுக்கான மருத்துவ ஆய்வில் அவரைச் சேர்த்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, நடுவில் இன்னொரு பஸ் மாறி, எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுவார். ரத்தம் எடுப்பவர் வர ஒன்பதரை ஆகும். அப்புறம் டாக்டரைப் பார்க்க வேண்டும்; டாக்டர் வார்டில் ரவுண்ட்ஸில் இருப்பார். தூக்குச்சட்டியில் கொண்டுபோன இட்லியை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப மாலை நாலு மணி. பஸ் செலவுக்கு என்று சொன்ன தொகை வங்கிக் கணக்கில் ஏற இரண்டு மாதம் ஆனது.

மூன்றாவது தடவையோடு நிறுத்திக்கொண்டார். ஆய்வுக் குழுவிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, "ஏம்மா வரல? டேட் தாண்டிருச்சே" என்று கேட்டாள். "உடம்புக்கு முடியல தாயி, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் பெரியம்மா. உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாசமும் போகவில்லை.

மருத்துவ ஆய்வில் சேர்ந்தவர்களுக்குக் கோப்பில் பெயர் கிடையாது, எண்தான். பெரியம்மாவின் எண்ணுக்கு எதிரே ‘தொடர்பில் இல்லை’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். புது மருந்து ஒன்று கடைக்கு வருமா வராதா என்பதைப் பல நேரம் அந்த மருந்தின் குணத்தைவிட இந்த வரி எத்தனை பேருக்கு எதிரே எழுதப்படுகிறது என்பதே முடிவு செய்துவிடுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது அதிகம் தெரியாது.

முதலில் ஆள் சேர்ப்பதையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் பொதுப் பணத்தில் நடந்த 114 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து 2006இல் ஒரு கணக்கு வெளியானது. முதலில் திட்டமிட்ட எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்க்க முடிந்தவை 31 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவை கூடுதல் அவகாசம் வாங்கின. எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும், பதிவேடுகள் ஒழுங்காக இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை. லூயி லசான்யா என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞரின் பெயரால் ஆய்வாளர்களிடையே ஒரு விதி புழங்குகிறது: ஆய்வு தொடங்கும் அன்று அந்த நோய் உள்ளவர்கள் சட்டென்று குறைந்துபோவார்கள், ஆய்வு முடிந்ததும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு டாக்டரிடம் தினமும் நூறு சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள் என்றால், நூறில் ஐம்பதாவது தேறும் என்று அவர் நினைப்பார். ஆனால் ஆய்வின் விதிமுறை வேறு கணக்குப் போடும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர் வேண்டாம், சிறுநீரகம் லேசாகப் பழுதானவர் வேண்டாம், ஏற்கெனவே இன்சுலின் போடுபவர் வேண்டாம், குழந்தை பெறும் வயதுப் பெண் வேண்டாம் என்று ஒவ்வொரு வரியாகக் கழித்துக்கொண்டே போனால் பத்துப் பேர் மிஞ்சுவார்கள். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் வெளியூர். இரண்டு பேர் யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள். கழிக்கப்பட்டவர்கள்தான் பின்னாளில் அந்த மருந்தைச் சாப்பிடப்போகிறவர்கள் என்பது தனி வேதனை. அமெரிக்காவில் 1977இல் வந்த ஒரு அரசு வழிகாட்டுதல், குழந்தை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பக்கட்ட ஆய்வுகளிலிருந்து ஒதுக்கி வைத்தது. 1993இல்தான் அந்த நிலை மாறியது. பதினாறு வருஷம் ஆண் உடம்பில் பார்த்த அளவையே பெண்ணுக்கும் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஆள் குறைந்தால் ஆய்வு தாமதமாகும், செலவு ஏறும், அவ்வளவுதான். சேர்ந்தவர்கள் நடுவில் காணாமல் போவது அதைவிட மோசம், முடிவே பொய்யாகிவிடும். எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். புது மருந்துக்கு 100 பேர், பழைய மருந்துக்கு 100 பேர். புது மருந்து குமட்டுகிறது. ஒத்துக்கொள்ளாத 30 பேர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். கடைசிவரை வந்த 70 பேரில் 56 பேருக்குக் குணம் தெரிகிறது. பழைய மருந்துப் பக்கம் 95 பேர் கடைசிவரை வருகிறார்கள், அவர்களில் 66 பேருக்குக் குணம். வந்தவர்களை மட்டும் எண்ணினால் புது மருந்துக்கு 80 சதவீதம், பழையதற்கு ஏறக்குறைய 69. புது மருந்து ஜெயித்துவிட்டது! ஆனால் தொடக்கத்தில் சேர்ந்த நூறு பேரையும் வைத்து எண்ணிப் பாருங்கள். 56க்கு 66. தோற்றிருக்க வேண்டிய மருந்து, போனவர்களை மறந்ததால் ஜெயித்திருக்கிறது.

அதனால்தான் நல்ல ஆய்வுகள், யாரை எந்தப் பக்கம் சேர்த்தோமோ அவரை அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே கடைசிவரை வைத்து எண்ணுகின்றன, மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். ஆனால் அவருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாவிட்டால் எதை எண்ணுவது? நூறில் ஐந்து பேருக்குள் தொடர்பு விட்டுப்போனால் பெரிய கேடில்லை, இருபதைத் தாண்டினால் முடிவை நம்புவது கஷ்டம் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். கைக்கணக்குதான், சட்டமில்லை. மேலே பார்த்த மாதிரி ஒரு பக்கத்திலிருந்தே ஆட்கள் விலகினால் இருபதுக்குக் குறைவான இழப்பும் ஆய்வைக் கவிழ்த்துவிடும்.

ஆள் சேர்ப்பது ஒரு வேலை, சேர்ந்தவரைத் தக்கவைப்பது இன்னொரு வேலை என்று இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போகிறவர்களில் பாதிப்பேர் சேர்ந்த நாளிலேயே போய்விட்டவர்கள்.

ஒப்புதல் வாங்கும் மேஜையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பதினைந்து இருபது பக்கப் படிவம். தமிழில்தான் இருக்கும், ஆனால் ஆங்கிலத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த தமிழ். ‘தாங்கள் தன்னிச்சையாகப் பங்கேற்பதற்கு’ என்று தொடங்கி ஆறு வரி தாண்டித்தான் முற்றுப்புள்ளி வரும். எதிரே தன் டாக்டர். அவர் கையால்தான் பத்து வருஷமாக மருந்து வாங்குகிறார். "என்னம்மா, சேர்ந்துக்கறீங்களா?" என்றால் என்ன பதில் வரும்? "நீங்க சொன்னா சரி டாக்டர்." மருத்துவ ஆய்வில் இதைவிட ஆபத்தான சம்மதம் கிடையாது. அவர் ஆய்வுக்குச் சம்மதம் சொல்லவில்லை, டாக்டருக்கு மரியாதை செலுத்தியிருக்கிறார். குலுக்கல் முறையில் தனக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைகூட வரலாம் என்பதும், எது வந்தது என்று டாக்டருக்கே தெரியாது என்பதும் அவர் மனசில் ஏறியிருக்காது. டாக்டர் நமக்கு எது நல்லதோ அதைத்தான் தருவார் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிடுவார்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது. ‘பாக்கலாம்’, ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’, ‘பொங்கல் கழியட்டும்’ — தமிழில் இவையெல்லாம் மறுப்புகள். இதைக் காதில் வாங்கத் தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் இருந்தால், "பரவாயில்லைம்மா, சேராட்டியும் உங்களுக்கு வழக்கமான மருந்து கிடைக்கும், டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிச் சொல்லாத இடங்களில், வாயால் சொல்ல முடியாத மறுப்பை மூன்றாவது மாதம் காலால் சொல்கிறார்கள். வராமல் இருந்துவிடுகிறார்கள். மேஜையிலேயே மறுத்திருந்தால் ஆய்வுக்கு ஒரு சேதமும் இல்லை. சேர்ந்துவிட்டுப் போவதுதான் ஓட்டை. ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்பது பங்கேற்பவரின் உரிமை. அந்த உரிமையை முதல் நாளே வாய்விட்டு, புரியும்படி சொல்கிற ஆய்வுகளில் ஆட்கள் அதிகமாகத் தங்குவார்கள் என்பது என் நம்பிக்கை. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு ஓடத் தோன்றாது.

சென்னையில் எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பாடத்தின் பெரும் பகுதியைப் படித்து முடித்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. பிரிட்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் வந்து வழிநடத்தினார். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அந்த மையம்தான். அன்றைக்குக் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்ற பெயர் நின்றுபோனது இந்தக் காலத்தின் மிச்சம். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். மாத்திரைகள் வந்துவிட்டன, வீட்டில் வைத்தே தந்தால் என்ன என்பதுதான் கேள்வி.

நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், ஒரு பாதிக்கு வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோனியாசிட், பாஸ் இரண்டும் சேர்ந்தது, ஒரு வருஷத்துக்கு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஒற்றை அறைகளில், குறைந்த சாப்பாட்டில், பலர் வேலைக்கும் போய்க்கொண்டு இருந்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், வீட்டு சிகிச்சையால் அவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியக் கதவுகள் உலகெங்கும் மூடத் தொடங்கியதில் இந்த முடிவுக்கு முக்கியப் பங்கு உண்டு.

மருத்துவப் புத்தகங்கள் இந்த முடிவோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் முக்கியம். படிப்பில்லாத, கூலி வேலைக்குப் போகிற, நோயின் பெயரை வெளியில் சொல்லவே கூசுகிற மனிதர்களை ஒரு வருஷம் எப்படிப் பிடித்து வைத்தார்கள்? நோயாளி வாரத்துக்கு ஒருமுறை மையத்துக்கு வந்து மருந்து வாங்குவார். அதற்கு நடுவில் மையத்து ஊழியர்கள் வீட்டுக்கே போவார்கள், சில நாள் முன்னறிவிப்பு இல்லாமலும். மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணுவார்கள், சிறுநீர் வாங்குவார்கள். பாஸ் சாப்பிட்டிருந்தால், அந்தச் சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சொட்டு விட்டால் நிறம் மாறும், சாப்பிடாவிட்டால் மாறாது. வீடு தேடி வருகிறவருக்கு மாத்திரைக் கணக்கோடு சேர்த்து, வீட்டில் என்ன பிரச்சினை, கணவனுக்கு வேலை போயிற்றா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒருவர் நிற்கப்போகிறார் என்பது நிற்பதற்கு முன்னாலேயே புரிந்துவிடும்.

இன்னொன்றையும் அந்தச் சிறுநீர்க் குப்பிகள் காட்டின. யார் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார், யார் தவறவிடுவார் என்பதை ஆளைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. நன்றாகப் பேசுகிறவரும் தவறவிடுவார், முரண்டு பிடிக்கிறவர் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டிருப்பார். ஆளைத் திருத்துவதைவிட முறையை மாற்றுவது மேல் என்று அடுத்த சில வருஷங்களில் அவர்கள் முடிவெடுத்தார்கள். வாரம் இரண்டே முறை, ஊழியர் கண்ணெதிரே மருந்து என்ற முறையை இதே மையம் அறுபதுகளில் சோதித்துப் பார்த்தது. பின்னாளில் உலகம் முழுக்க டாட்ஸ் என்ற பெயரில் பரவிய திட்டத்தின் வேர்களில் ஒன்று அது.

1968இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு இன்னும் பெரியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள், பதினைந்து வருஷப் பின்தொடர்தல். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்தார்கள். மக்கள் ஆய்வைத் தேடிப் போகவில்லை, ஆய்வு மக்களிடம் போனது. முடிவு கசப்பானது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. ‘பலன் இல்லை’ என்ற பதிலை நம்ப வைப்பது, ‘பலன் உண்டு’ என்பதை நம்ப வைப்பதைவிடக் கடினம். பாதிப்பேர் காணாமல் போயிருந்தால், பலன் இருந்தும் கண்ணில் படவில்லை என்று யார் வேண்டுமானாலும் தட்டிவிட்டிருக்கலாம். ஊர்க்காரர்கள் பதினைந்து வருஷம் திரும்பத் திரும்ப வந்து நின்றதால்தான் அந்தக் கசப்பை உலகம் விழுங்கிக்கொண்டது.

ஆள் வந்து நின்றாலே போதும் என்றும் இல்லை. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 2009 முதல் 2012 வரை ‘வாய்ஸ்’ என்று ஓர் ஆய்வு நடந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க, தினமும் ஒரு மாத்திரை அல்லது ஒரு ஜெல். 5,029 பெண்கள். அவர்களில் 91 சதவீதம் பேரைக் கடைசிவரை தக்கவைத்தார்கள்; எந்த ஆய்வாளரும் பெருமைப்படும் எண். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள். திருப்பிக் கொடுத்த டப்பாக்களை எண்ணிப் பார்த்தாலும் கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் பிறகு ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்தே இருந்தது. எந்த மருந்தும் பலன் தரவில்லை என்று ஆய்வு முடிந்தது. மருந்து பலன் தருமா என்பதற்கு அந்த ஆய்வால் பதில் சொல்லவே முடியவில்லை.

அந்தப் பெண்களைப் பொய்யர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. பிறகு அவர்களில் சிலரிடம் ரத்த முடிவைக் காட்டி, உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பக்கவிளைவு பயம். மாத்திரை டப்பாவைப் பார்த்தால் ஏற்கெனவே எச்.ஐ.வி. இருக்கிறது என்று கணவனும் அக்கம்பக்கமும் நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஊரில் உலவிய வதந்திகள். கேள்வி கேட்கும் நர்சிடம் உண்மையைச் சொன்னால் ஆய்விலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற தயக்கம் யாருக்கும் வரக்கூடியதுதான். "உடம்புக்கு முடியல தாயி" என்று பெரியம்மா சொன்னதும் இதே ஜாதிப் பதில். கேட்கிறவருக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதைச் சொல்வது.

தக்கவைப்பதையே குறியாக வைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில், 1932இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வைத் தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ். நோய் என்னவென்று அவர்களிடம் சொல்லவில்லை. ‘கெட்ட ரத்தம்’ என்றார்கள். நாற்பது வருஷம் அவர்களை விடாமல் வைத்திருந்தார்கள். எப்படி? போக வர இலவச வண்டி, பரிசோதனை நாளில் சூடான சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம். எல்லா வருஷமும் அதே நர்ஸ், யூனிஸ் ரிவர்ஸ். அந்த ஆண்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண் மாதிரி நம்பினார்கள். முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதை ‘சிறப்பு இலவச சிகிச்சை’ என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் அதைத் தரவில்லை. 1972இல் செய்தி வெளியே வந்துதான் நிறுத்தினார்கள்.

வண்டி, சாப்பாடு, தெரிந்த முகம். நல்ல ஆய்வுகள் ஆளைத் தக்கவைக்கச் செய்கிற அத்தனையும் அங்கே இருந்தது. உண்மை மட்டும் இல்லை. பஸ் காசு கொடு, சாப்பாடு கொடு என்று நான் எழுதும்போதெல்லாம் டஸ்கீகி நினைவுக்கு வரும். வசதி செய்து தருவது எவ்வளவு அவசியமோ, அந்த வசதிக்குப் பின்னால் எதையும் மறைக்காமல் இருப்பது அதைவிட அவசியம்.

நம் நாட்டுக்கும் காயம் உண்டு. 2009–10இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று 10 முதல் 14 வயதுச் சிறுமிகளிடம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். தடுப்பூசிக்கும் மரணங்களுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணையில் தெரிந்தது. ஆனால் அதே விசாரணையில் இன்னொன்று வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டனும் தலைமை ஆசிரியரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. ஊசியால் யாருக்கும் கேடு இல்லாமல் போயிருக்கலாம். அம்மாவைக் கேட்காமல் மகளுக்கு ஊசி போட்டார்கள் என்ற நினைவு அந்தக் குடும்பங்களை விட்டு லேசில் போகாது.

இதைத் தொடர்ந்தும், உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கின் அழுத்தத்திலும் 2013இல் விதிகள் இறுகின. ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். பிறகு அதை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சேரும் புது மருந்து ஆய்வுகளுக்கு என்று சுருக்கினார்கள். 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் இதையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். படிவத்தின் நகலைப் பங்கேற்பவர் கையில் கொடுக்க வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை, உரிய இழப்பீடு. விதிகள் இறுகியதால் ஆய்வுகள் நாட்டைவிட்டே போகின்றன என்று அப்போது பலர் புலம்பினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வார்டன் கையெழுத்தில் கிடைக்கிற ஆய்வு நமக்கு எதற்கு?

பணம் விஷயத்தில்தான், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நம் அறநெறிக் குழுக்கள் தேவைக்கு மேல் தயங்குகின்றன. அதிகம் கொடுத்தால் காசுக்காக ஆபத்தை ஏற்பார்கள் என்ற கவலை நியாயமானது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளே பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்கின்றன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தக் கூலியைக் கொடுப்பது ஆசை காட்டுவதாகாது. அவர் நம்மால் நஷ்டப்படக் கூடாது என்பதுதான். அதையும் அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து வங்கியில் ஏறும் முன்னூறு ரூபாய், வரும்போதும் பயன்படவில்லை, திரும்பிப் போகும்போதும் பயன்படவில்லை.

சில ஆய்வுகள் சிக்கலை வேரிலேயே வெட்டியிருக்கின்றன. கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த ‘ரெகவரி’ ஆய்வு 2020 மார்ச் 19 அன்று முதல் நோயாளியைச் சேர்த்தது. ஜூன் 16 அன்று, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தது. மூன்றே மாதம், நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள், பதினோராயிரத்துக்கும் மேல் நோயாளிகள். படிவத்தைச் சுருக்கினார்கள். டாக்டரும் நர்சும் வழக்கமான வேலைக்கு நடுவே நிரப்பிவிடக்கூடிய அளவுக்குக் கேள்விகளைக் குறைத்தார்கள். 28 நாள் கழித்து நோயாளி பிழைத்தாரா என்பதை அரசு மருத்துவப் பதிவுகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நோயாளி மறுபடி வர வேண்டிய வேலையே பெரும்பாலும் இல்லை. வரத் தேவையில்லாதவர் எப்படி வராமல் போவார்?

ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு வேறு வழியில் போனது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்பது கேள்வி. மாதாமாதம் அரிசியும் பருப்பும் அடங்கிய பொட்டலம், ஊழியர்கள் மூலம். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். ஒப்பீட்டுக்கு வைத்த வீடுகளிலும் நோயாளிக்கு உணவுப் பொட்டலம் கிடைத்தது. யாரும் வெறுங்கையோடு விடப்படவில்லை. 2023இல் வந்த முடிவில், உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்திருந்தது. சென்னையின் அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. தொடர்ந்து இருப்பதற்கு அந்தக் குடும்பங்களுக்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணம் அவர்கள் வீட்டு அடுப்பில் வெந்தது.

எல்லா ஆய்விலும் அரிசி கொடுக்க முடியாது, எல்லா நாட்டிலும் பிரிட்டன் மாதிரிப் பதிவேடு இல்லை. ஆனால் வெறும் வயிற்றோடு வருகிறவருக்கு எட்டு மணிக்கே ரத்தம் எடுக்க ஆள் நிறுத்த முடியும். எடுத்த கையோடு டிபன் வாங்கித் தர முடியும். இருபது விசிட்டில் எட்டைப் போனிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முடிக்க முடியும். ஆய்வுத் திட்டத்தை எழுதுகிறவர்கள், அதை அச்சுக்கு அனுப்பும் முன்னால் ஒரு நோயாளியைக் கூப்பிட்டு, "இந்த அட்டவணைப்படி உங்களால வர முடியுமா?" என்று கேட்டாலே பாதி ஓட்டை அடைபடும். ஒருவர் வராதபோது "ஏன் வரல?" என்பதற்குப் பதிலாக, "வர்றதுல என்னம்மா சிரமம்?" என்று கேட்பதற்கு எந்த ஸ்பான்சரின் அனுமதியும் வேண்டாம்.

அப்புறம், முடிவைச் சொல்வது. பங்கேற்றவர்கள் விரும்பினால் ஆய்வின் முடிவை அறிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுகளுக்கான உலக அளவிலான அறநெறி ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. இந்தியாவில் 2009 ஜூனிலிருந்து எந்த மருத்துவ ஆய்வையும் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும்; அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தைப் பங்கேற்றவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்?

பெரியம்மா தன் ஒப்புதல் படிவத்தின் நகலை ரேஷன் கார்டு வைக்கும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்துத் தலைப்பை வைத்துப் பதிவேட்டில் தேடினேன். ஆய்வு முடிந்துவிட்டது என்று இருந்தது. முடிவு என்ன என்ற கட்டம் காலி.

"அந்த மாத்திரை நல்லதா கெட்டதான்னு இன்னும் அவங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும் பெரியம்மா. நமக்குத்தான் சொல்லல."

"நான் நின்னுட்டேன்ல, அதனால இருக்கும்" என்று சொல்லி, படிவத்தை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார்.